கார்டம்மாவின் பெயர்

என் அக்கா சிரிக்க மாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊராருடைய சிரிப்பையெல்லாம் கத்தரித்து, கொஞ்சம் வெளுப்பாக்கி, ஓரத்தில் பூ வைத்து, மினுமினுப்புத் தூவி அனுப்புவதுதான் அவள் பிழைப்பு. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பானா என்று கேட்பாள். அதையும் சிரிக்காமல்தான் கேட்பாள்.

கட்டடத்தில் எல்லாரும் அவளைக் கார்டம்மா என்பார்கள். பிறந்தநாளா, கல்யாண நாளா, குழந்தை பிறந்த செய்தியா, எதுவானாலும் போனில் ஒரு படம் அனுப்பினால் போதும், சாயங்காலத்துக்குள் வாழ்த்து தயார். வீட்டு நடு அறையில், ஃப்ரிட்ஜுக்கும் துணிக்கொடிக்கும் இடையில் ஒரு மேஜை. அதன் மேல் கம்ப்யூட்டர். மழைக்காலத்தில் ஈரத்துணி அவள் தலைமேல் சொட்டும், இவள் பாட்டுக்கு யாரோ ஒருவருடைய பேரனுக்குக் கிரீடம் வைத்துக்கொண்டிருப்பாள். இதில் இறங்குவதற்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படங்களில் பரு எடுக்கிற வேலை பார்த்தாள். ஸ்டூடியோவை மூடியபோது முதலாளி அந்தக் கம்ப்யூட்டரை இவளிடமே தள்ளிவிட்டார்.

யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றே. "பேரு அப்புறம் சொல்லுங்க. நீங்க அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?" பெயர் போட்ட கார்டு எல்லாருக்கும் கிடைக்கும், கூப்பிடுகிற முறை போட்ட கார்டுதான் அவருக்கென்று செய்தது என்பது அவள் கணக்கு. ஒரு டிரைவர் மனைவிக்குக் கார்டு கேட்டு வந்தார். எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றதும் திருதிருவென்று விழித்தார். "ஏய்னுதாம்மா கூப்பிடுவேன்." அக்கா அப்படியே போட்டாள். ஏய்க்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். அந்தப் பெண் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பி, அதிலிருந்து நாலு வேலை வந்தது. எதிர்த் தெரு பல் டாக்டர் மட்டும் இன்னும் தன் நோயாளிகளுக்கு வாய் நிறையப் பல் தெரிகிற படமாகத்தான் வேண்டும் என்பார். பல்லே இல்லாத ஒரு கிழவருக்குக்கூட அப்படியே கேட்டார். அக்கா பல் வரைந்து கொடுத்தாள்.

கார்டோடு நிற்கவில்லை. பிள்ளைகள் திக்குக்கு ஒருவராகச் சிதறிப்போன வீடுகளில் கொண்டாட்டமே வீடியோவில்தான் என்றாகிவிட்டது. அதையும் அக்கா நடத்திக்கொடுப்பாள். யார் எப்போது பேசுவது, எப்போது படங்கள் ஓடுவது, எப்போது கேக் வெட்டுவது எல்லாம் அவள் கையில். முக்கியமாக, மைக்கை அடைக்கிற அதிகாரம் அவளுக்குத்தான். சில பெரியப்பாக்கள் வாழ்த்தத் தொடங்கினால் நிலத்தகராறு வரைக்கும் போவார்கள். அக்கா முகம் மாறாமல் ஒரு தட்டுத் தட்டுவாள், பெரியப்பா வாய் மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

நான் கீழ்மாடியில் இருக்கிறேன். மருந்துக் கடையில் வேலை. அக்காவுக்கும் சேர்த்து எனக்கு வாய் என்று எங்கள் அம்மா சொல்வார். உண்மைதான். அவளுக்குப் பதிலாகக் கோபப்படுவதே எனக்குப் பாதி ஆயுள் வேலையாகிவிட்டது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், ஆனால் வாயில் கொழுக்கட்டை. எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார், கடைசிவரை பார்க்க மாட்டார். அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி நோயில் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை இரண்டாம் வகுப்பு படித்தது. அக்கா அந்த வீட்டுக்குப் போன அன்றைக்கு, வந்திருந்த சொந்தக்காரர்கள் குழந்தையை முன்னால் தள்ளி, "சித்தின்னு கூப்பிடு" என்றார்கள். அதுவும் கூப்பிட்டது. முறைப்படி பார்த்தால் நான்தான் அதற்குச் சித்தி. பட்டத்தை அக்கா எடுத்துக்கொண்டதால் எனக்கு ஆன்ட்டிதான் மிச்சம்.

நல்ல பெண். பொய் சொல்லக் கூடாது. ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை, தட்டைத் தள்ளியதில்லை, கதவை அறைந்து சாத்தியதில்லை. காய்ச்சல் வந்தால் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கும். ஆனால் அந்த வீட்டுக் கூடத்தில் அதன் அம்மாவின் படம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அதைப் பார்த்து "வரேம்மா" என்று சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி "வரேன் சித்தி" என்று சொல்லும். அக்கா இரண்டுக்கும் தலையாட்டுவாள். எனக்குத்தான் பொறுக்காது.

அக்காவுக்கும் ஒன்று தங்கியது. ஐந்தாம் மாதம் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் எழுந்து உட்கார்ந்து யாருடைய கல்யாண ஆல்பத்தையோ முடித்துக்கொடுத்தாள். "கொஞ்சம் அழுதுடுக்கா, தேவலை" என்றேன். "எதுக்கு? வேலை கிடக்கு" என்றாள். அதிலிருந்துதான் அவள் இப்படி மரத்துப்போனாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். இல்லை, அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். சாம்பார் கொட்டிக் கை வெந்தாலும் தண்ணீரில் காட்டிவிட்டு மவுஸைப் பிடிப்பாள்.

பெண் படித்தது, வேலைக்குப் போயிற்று, வேறு ஊரில் தங்கிற்று. பிறகு ஒருநாள் வீடியோவில் வந்து, கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது, பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறோம் என்றது. மாப்பிள்ளை வீட்டார் வேறு நாட்டில். அதனால் பதிவு முடிந்த மறுநாள் வரவேற்பை வீடியோவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றது. அத்தான் "பாத்துக்கலாம்" என்றார்.

"கார்டு நீங்கதான் சித்தி பண்ணணும். வேற யாரு பண்ணாலும் எனக்குப் பிடிக்காது."

அன்றைக்கு அக்கா அலமாரியைத் திறந்து எதையோ தேடுவதுபோல் ரொம்ப நேரம் நின்றாள். எனக்குத் தெரியும் அவள் மனசில் என்ன ஓடியது என்று. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பெயரை அழகாக எழுதினவள். இந்த ஒரு கார்டில் அவள் பெயர் வரும். பெண்ணின் பெற்றோர் என்கிற வரியில் அத்தான் பெயருக்குப் பக்கத்திலோ, சரி, அதற்கும் கீழேயோ, எங்கேயோ ஓரிடத்தில். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பத்து விதமான எழுத்து எடுத்து வைத்துக்கொண்டு எது நன்றாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். அவள் என்னிடம் கருத்துக் கேட்டதே அதிசயம்.

இரண்டு நாளில் கார்டுக்கான வாசகம் போனில் வந்தது. மாப்பிள்ளையின் பெற்றோர் பெயர்கள். பெண்ணின் பெற்றோர் என்று அத்தான் பெயரும் முதல் மனைவி பெயரும். அவ்வளவுதான். செத்துப்போனவர் பெயருக்கு முன்னால் போடுகிற 'அமரர்' கூட இல்லை.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு போன் போட்டு, எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற அதே குரலில், "அம்மா பேருக்கு முன்னாடி அமரர் போடணுமா கண்ணு?" என்று கேட்டாள்.

"வேண்டாம் சித்தி. ஒரு கார்டுலயாவது அம்மா உயிரோட இருக்கட்டும்."

"சரி."

நான் குதித்தேன். "என்ன சரி? வளத்தது நீ, பேரு அவங்களுக்கா? ஒரு வரி சேருக்கா. சேத்தா குடியா முழுகிடும்?" அத்தானிடமும் போய்க் கத்தினேன். அவர் லிஃப்ட் மோட்டாரைத் துடைக்கிற துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவகிட்ட எப்படிக் கேக்கறது? அவங்கம்மா பேரை எடுத்துடச் சொல்றோம்னு நினைச்சுட்டா?" என்றார். எடுக்கச் சொல்லவில்லை, சேர்க்கத்தான் சொல்கிறோம் என்று அவருக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

என் தொல்லை தாங்காமல் அக்கா கடைசியில் ஒரு வரி அடித்துப் பார்த்தாள். 'சித்தி' என்று போட்டு, பக்கத்தில் தன் பெயர். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்தாள்.

"ஏன்?"

"ஒரு பக்கம் இழுக்குது. அலைன்மெண்ட் கெட்டுப்போச்சு."

அந்தக் கார்டைப்போல அவள் வேறு எதையும் செய்ததில்லை. இளம்பச்சையில் பின்னணி, மெல்லிய கோடு, அந்த முதல் மனைவி பெயரின் எழுத்துகளுக்கு இடையில் ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தி இடம் சரிசெய்தாள். பார்த்தவர்களெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது என்றார்கள்.

வரவேற்பு நாளும் வந்தது. அக்காவே ஹோஸ்ட். தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் அத்தானோடு உட்கார்ந்துகொண்டாள், அவர்கள் கட்டத்துக்குக் கீழே 'பெண் வீடு' என்று எழுதியிருந்தது. நான் கீழே என் வீட்டில் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு கட்டத்தில், சுற்றிலும் ஆபீஸ் நண்பர்கள். மாப்பிள்ளையின் அம்மா நர்ஸ் வேலையில் இருப்பவர், வாய் நிறையச் சிரிக்கிற மனுஷி. எனக்கே பிடித்துப்போயிற்று.

அந்த அம்மாளின் முறை வந்தது. கையில் கார்டை அச்செடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்துப் படித்து, அத்தான் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்காவைப் பார்த்து, செத்துப்போனவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "வணக்கம் சம்பந்தி" என்றார்.

அத்தான் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். பெண் அந்தப் பக்கம் வாயைத் திறந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

"வணக்கம்" என்றாள் அக்கா.

"பொண்ணை அருமையா வளத்திருக்கீங்க. அம்மா அம்மான்னு உங்க பேச்சு அதிகம் எடுக்க மாட்டா. ஆனா சித்தி சித்தின்னு உயிரை விடுவா. சித்தி சமையல், சித்தி கை வேலை, காய்ச்சல்னா சித்திதான் கூடவே உக்காருவாங்கன்னு. உங்க தங்கச்சிதானே அவங்க? எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையா இருக்கும், அம்மாவுக்கு மேல ஒரு சித்தியான்னு."

இதற்குள் அந்த அம்மாள் கட்டங்களில் தேடி, அக்காவின் ஜாடையில் இருந்த என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீங்கதானே சித்தி? மூக்கைப் பாத்தாலே தெரியுது. உங்களுக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும்."

"ஐயோ, நான் இல்லீங்க. அவதான்..."

அதற்கு மேல் என் குரல் போகவில்லை. பார்த்தால், என் மைக்கை அடைத்துவிட்டாள் பாவி. நான் போனைப் பார்த்துக் கத்துகிறேன், கையை ஆட்டுகிறேன், எல்லாரும் நான் ஆனந்தத்தில் ஆடுவதாக நினைத்துக் கைதட்டுகிறார்கள். அக்கா அடுத்த படத்தை ஓட்டினாள். கேக் வெட்டச் சொன்னாள். யாரோ ஒரு தாத்தா பாடினார், அவரையும் பாதியில் அடைத்தாள். கடைசிவரை எதுவும் பிசகவில்லை.

முடிந்ததும் மாடிக்கு ஓடினேன். "நெஞ்சுல என்ன கல்லா வெச்சிருக்க? உனக்கு வரவேண்டிய நன்றியை என்கிட்ட குடுக்கறாங்க, பாத்துட்டு உக்காந்திருக்க?"

அக்கா கம்ப்யூட்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நல்ல நேரத்துல செத்தவங்க கதையை எடுக்கச் சொல்றியா? கேட்டேன்ல, அது போதும்."

"என்ன கேட்ட?"

"சித்தி சித்தின்னு சொல்லுவாளாம்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. எழுந்து போய்ச் சோறு வைத்தாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நானும் நாலு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்த மாப்பிள்ளை அம்மாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கார்டு செய்கிற ஆப் ஒன்றை யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவரே கைப்பட ஒரு நன்றி கார்டு செய்து, இரண்டு குடும்பமும் இருக்கிற குழுவில் போட்டார். வீடியோவிலிருந்து எடுத்த அக்காவின் முகம். சுற்றிலும் ரோஜா. கீழே பெரிய எழுத்தில் 'என் அன்புச் சம்பந்திக்கு' என்று போட்டு, அந்த முதல் மனைவியின் பெயர்.

நாற்பது பேர் அதற்கு இதயம் போட்டார்கள். அக்கா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கட்டிங் சரியில்ல. ஒரு காது போயிடுச்சு" என்றாள்.

"காதா இப்ப பிரச்சனை?"

"வேற என்னத்தைச் சொல்லச் சொல்ற?"

அன்று மத்தியானமே பெண் போன் செய்தது. நான் அங்கேதான் இருந்தேன், எனக்குக் கடை விடுமுறை. அக்கா பல் டாக்டரின் வேலையில் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"சித்தி, அத்தை போட்ட கார்டு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்கம்மா பேரு சித்தி அது."

"தெரியும் கண்ணு. நான்தானே டைப் பண்ணேன்."

"அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாம்ல? எல்லாரையும் பேசவிட்டுச் சும்மா இருந்துட்டீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்திருப்பேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வந்தது.

"வாய் வரல சித்தி. உங்களைக் காட்டி, இவங்க எங்கம்மா இல்லன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? சொல்லலேன்னா அம்மாவுக்கு எப்படி இருக்கும்? ரெண்டு பக்கமும் எனக்குத்தான் இடி."

என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அதுவும் குழந்தைதானே என்று தோன்றியது.

"சரி, விடு. அழாத" என்றாள் அக்கா. மவுஸ் நகர்ந்துகொண்டே இருந்தது.

"விட மாட்டேன். அம்மா இறந்ததை இவங்க வீட்டுல நான் சொன்னதே இல்ல, இப்ப அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். பாவம், அவங்களும் அழுதுட்டாங்க. அந்தக் கார்டை எடுக்கச் சொல்லிட்டேன். நானே வேற பண்ணிக் குழுவுல போடறேன். உங்க பேரோட. இவங்கதான் என்னை வளத்த சித்தின்னு. அப்பவே கல்யாணக் கார்டுலயும் போட்டிருக்கணும், எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா தோணல சித்தி."

அக்காவின் மவுஸ் நின்றுவிட்டது. நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தினேன். போனில் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுத்துகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. டக் டக்கென்று கொஞ்ச தூரம் போய், அதுவும் நின்றது.

"சித்தி."

"ம்."

"தப்பா நினைக்காதீங்க." தயங்கிற்று. "உங்க பேருக்கு எந்த ல? சின்ன ல வா, குண்டு ள வா?"

பள்ளிக்கூட ஃபாரம் எல்லாவற்றிலும் அப்பா பெயர், அம்மா பெயர்தான். போனிலும் சித்திதான். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை எழுத அதற்கு ஒரு தேவையும் வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அதன்மேல் குற்றமில்லை.

அக்கா மவுஸை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"குண்டு ள" என்றாள். "குண்டு ள போடு கண்ணு."

"சரி சித்தி. இதோ இப்பவே போடறேன்."

போன் அணைந்தது. அக்கா இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"வலிக்குதுடி."